சிறகிக்கு விதைத்த வயல்

காரைவெளிக்கு வந்து சேரும்போது ஆறு ஆறாக இருக்காது. மேட்டூரில் மதகைத் தூக்கும்போது பிளிறிக்கொண்டு புறப்பட்டது, வழியெல்லாம் பங்கு கேட்டு நிற்கிற ஊர்களுக்கு ஒரு கை, ஒரு கால், ஒரு தோள் என்று அறுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு ஆள் எட்டிக் கடந்துவிடுகிற வாய்க்காலாக, இருமிக்கொண்டு வந்து சேரும். அந்த வாய்க்கால் முடிகிற இடத்தில் இருந்தது உத்திராபதியின் வயல். அதற்கும் கீழே ஒரே ஒரு வயல், அவனுடைய அக்கா தையல்நாயகியுடையது. அதற்கப்பால் உவர் மண், அதற்கப்பால் கடல்.

அக்காவின் வயலுக்கென்று தனி வாய்க்கால் கிடையாது. தம்பி வயலுக்குள் பாய்ந்து, நடுவரப்பில் இருக்கிற வாமடை வழியாகத்தான் தண்ணீர் அவள் வயலுக்கு இறங்க வேண்டும். வாமடை என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. வரப்பில் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு ஒரு வாய். ஒரு கொத்துச் சேற்றை எடுத்தால் திறக்கும், ஒரு கொத்துச் சேற்றை வைத்தால் மூடிக்கொள்ளும். தண்ணீர் சுண்டிப் போகிற காலத்தில் ஊரில் முறை வைப்பார்கள். விடிந்ததும் ஐயனார் கோயில் வாசலில் நின்று முறைக்காரர் பக்கிரிசாமி அன்றைக்குத் தண்ணீர் யாருக்கு என்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட பேருக்குத் தண்ணீர். மற்றவர்கள் மண்வெட்டியைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். ஐயனார் சாட்சியாகப் பேர் சொல்லிவிட்டால் பகையாளிகூட அதற்குக் குறுக்கே நிற்பதில்லை என்பது காரைவெளியின் வழக்கம்.

உத்திராபதி நின்றான். மழை பொய்த்த ஒரு தை மாதத்தில் நின்றான். அன்றைக்குக் கூப்பிட்ட பேர் தையல்நாயகி. அவள் வரப்பில் வந்து நின்று, "தம்பி, பயிரோட தொண்டையில கதிர் நிக்குதுடா, ஒரு முறை விடுடா" என்றாள். அவன் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. "எனக்கே காணலக்கா, ரெண்டு நாள் பொறு" என்றான். இரண்டு நாள் கழித்து வாமடையில் இன்னொரு கொத்துச் சேற்றை வைத்து மிதித்தான். அக்கா கோயில் குளத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துத் தலையில் சுமந்து அவனுடைய வரப்பு வழியாகவே போனாள். போகும்போதும் வரும்போதும் அவனுடைய தண்ணீரில் அவளுடைய நிழல் விழுந்தது. அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தான். "ஏங்க்கா இந்த வெயில்ல?" என்றுகூட ஒரு தரம் கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அவளுடைய கதிர் பதராய் நின்றது. மாட்டுக்கு ஆகட்டும் என்று அறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் உத்திராபதிக்கு லேசாக இருந்திருக்கும், அவள் அதையும் செய்யவில்லை.

அடுத்த சித்திரையில், குளத்தில் மீன் செத்து, வாய்க்காலில் ஆட்டுக்குட்டிகள் படுத்துத் தூங்கின நாளில், அந்த வயலுக்குத் தண்ணீர் வந்தது.

முதலில் பார்த்தது தையல்நாயகியின் புருஷன் சிங்காரவேலு. காலையில் வயல் பக்கம் ஒதுங்கப் போனவர் முழங்கால் வரைக்கும் நனைந்து திரும்பி வந்தார்.

"ஏய், நம்ம வயல்ல தண்ணி நிக்குதுடி."

"எந்த வயல்ல?"

"ஆமா, நமக்குப் பத்து வயல் இருக்குது பாரு, எந்த வயல்னு கேக்குறா."

தையல்நாயகி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை. "வர வேண்டியதுதானே வந்திருக்கு. மெதுவா வந்திருக்கு" என்றாள்.

ஊர் திரண்டு போய்ப் பார்த்தது. தெளிந்த தண்ணீர், வரப்பின் விளிம்புவரை, முழங்காலுக்கு. வானத்திலிருந்து விழவில்லை, வாய்க்காலில் வரவில்லை, ஊற்றுக்கண்ணும் இல்லை. நடுவரப்பில் உத்திராபதி மிதித்து வைத்த சேறு செங்கல்லாகக் காய்ந்து அப்படியே இருந்தது. நாற்று விடவாவது வடியட்டும் என்று ஆவணியில் உவர் மண் பக்கத்து வரப்பை வெட்டினார்கள். வெட்டின இடத்தில் தண்ணீர், கட்டுத்தறி மாடு அவிழ்த்துவிட்டும் போகாமல் நிற்பதுபோல, தன் பாட்டுக்கு நிமிர்ந்து நின்றது. ஆயில் இஞ்சின் கொண்டு வந்து இறைத்தார்கள். இஞ்சின் பகல் பூராவும் கத்தியது, குழாய் விறைத்துப் புடைத்தது, ஆனால் குழாயின் மறுமுனையில் பூனை நக்கிப்போட்ட அளவு ஈரம்தான் இருந்தது. ஒரு பெண் சலித்துப்போய்க் குடத்தை முக்கி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அந்தத் தண்ணீர் மட்டும் வீடு வரைக்கும் வந்தது, ஒரு சொட்டு குறையாமல். பருப்பு நன்றாக வெந்தது. இழுத்தால் வராது, சுமந்தால் வரும் என்று ஊருக்குத் தெரிந்துபோனது. தெரிந்த பிறகு ஊர் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஐயனாருக்கு ஒரு பொங்கல் வைத்தார்கள். கல்யாண வீடுகளுக்கு அந்தத் தண்ணீரில்தான் சோறு வடிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு வந்தது, வந்து நிலைத்தது. பெண் எடுக்க வந்த வெளியூர்க்காரர்களுக்குக் கோயிலைக் காட்டியதற்கு அடுத்தபடியாக அந்த வயலைக் காட்டினார்கள்.

ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். அளவுக் கம்பை நட்டுப் பார்த்தார், தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்தார், எல்லாரையும் பார்த்து, "ஊத்தா இது?" என்றார்.

"இல்லீங்க சார்" என்றார் பக்கிரிசாமி. "முறைத்தண்ணிங்க."

"யாரோட முறை?"

எல்லாருடைய பார்வையும் உத்திராபதியின் கால்மாட்டில் வந்து விழுந்தது. அவன் தூரத்தில் ஒரு பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், அந்தப் பனைமரத்தை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்பதுபோல.

அதிகாரி போய்விட்டார். தண்ணீர் இருந்தது. உத்திராபதி டீக்கடைக்குப் போனால் கடைக்காரர் அமிர்தகடேசன் கிளாஸை நீட்டும்போது, "கொஞ்சம் தண்ணி வேணுமாண்ணே? ரெண்டு நாள் பொறுக்கணும்" என்பார். கடை சிரிக்கும். அவனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கயிற்றுக்கட்டிலில் குப்புறப் படுத்துக்கொள்வான். அவனுடைய வயலில் அந்த வருஷம் குறுவை அமோகமாக விளைந்தது. விளைந்த நெல்லைத் தூற்றும்போது அவனுக்கு மட்டும் பதரின் சத்தம் கேட்டது.

ஐப்பசியில் சிறகிகள் வந்தன. அந்தக் கரையில் காட்டு வாத்துக்குச் சிறகி என்று பேர். எங்கிருந்து வருகின்றன என்று காரைவெளியில் யாரும் கேட்டதில்லை. மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறோமா, அப்படித்தான். உவர் மண்ணுக்கு மேலே மாலை மாலையாகச் சுற்றி, அகலமாகத் தண்ணீரைக் கண்டதும், கால்களை முன்னே நீட்டிக்கொண்டு தையல்நாயகியின் வயலில் இறங்கின. இறங்கின மாத்திரத்தில் தலையை உள்ளே விட்டன, வாலை மேலே தூக்கின, திரும்பத் தலையை எடுத்து ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. உள்ளே ஒன்றுமில்லை. பாசி இல்லை, புழு இல்லை, ஒரு கோரைக்கிழங்கு இல்லை. வர வேண்டிய நேரத்தில் வராத தண்ணீர் வெறும் தண்ணீராக வந்திருந்தது. சிறகிகள் கொஞ்ச நேரம் மரியாதைக்கு நீந்திவிட்டு எழுந்து போய்விட்டன. அடுத்த கூட்டம் வந்தது, அதுவும் தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

வரப்பில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த தையல்நாயகிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"வந்த பறவ வெறும் வயித்தோட திரும்பிப் போவுதுங்க" என்றாள் புருஷனிடம். "அது போற போக்கப் பாத்தா எனக்கு என்னமோ செய்யிது. என் வயல்ல எறங்கி இனிமே ஒரு உயிர் சும்மா போவக் கூடாது."

"சரி, எலை போட்டுப் பந்தி வச்சிடுவோமா?"

"வப்போம்" என்றாள் அவள்.

மறுநாளே கொட்டிக்கிழங்கைச் சேற்று உருண்டைக்குள் வைத்துப் பிடித்து, கொழுக்கட்டை போடுவதுபோல ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விட ஆரம்பித்தாள். அல்லிக்கிழங்கைக் கோயில் குளத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து நட்டாள். ஓரமாக ஆழம் குறைந்த இடத்தில் குதிரைவாலியை முளைகட்டித் தெளித்தாள். மனுஷர் தின்ன ஒரு மணி விளையாத தண்ணீரில் இவை ஒரே வாரத்தில் தழைத்துக்கொண்டு மேலே வந்தன. குதிரைவாலி தண்ணீருக்கு மேலே தலையாட்டியது. சிறகிகள் திரும்பி வந்தன. வந்தவை ஊருக்குள் பிள்ளைகள் பாடம் படிப்பதுபோல ஓயாமல் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு பகலெல்லாம் மேய்ந்தன.

காரைவெளிக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. பிள்ளை தூங்கவில்லையென்றால் வயல் வரப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணி வைத்துச் சிறகி பிடித்துத் தின்கிற ஆட்கள் அந்த ஒரு வயலுக்கு மட்டும் வரப்போவதில்லை என்று தாங்களாகவே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வீட்டில் கொஞ்சம் கிழங்கு மிஞ்சியது, கொண்டு வந்து நட்டார்கள். இன்னொரு வீட்டில் நேர்த்திக்கடன், குதிரைவாலி தெளித்தார்கள். எல்லாரும் ஒரே நாளில் வந்து இறங்கி, ஒருவர் நட்டதை ஒருவர் மிதித்து, சண்டை வந்தது. சண்டை வந்தால் காரைவெளிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். முறை வைத்தார்கள். மறுபடி விடியற்காலையில் ஐயனார் கோயில் வாசலில் நின்று பக்கிரிசாமி பேர் கூப்பிட்டார். இந்தத் தடவை தண்ணீருக்கு இல்லை, சிறகிக்கு விதைக்க. கூப்பிட்ட பேருக்குரிய வீடு அன்றைக்குக் குளித்துவிட்டு, விதையும் கிழங்கும் எடுத்துக்கொண்டு போய் வயலில் இறங்கும். முறை சுற்றிச் சுற்றி வந்தது. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு வந்தது. போன மாதம் குடிவந்த டெய்லருக்குக்கூட வந்தது. உத்திராபதிக்கு வரவில்லை.

அவன் தினமும் விடியுமுன் போய்க் கோயில் வாசலில் நிற்பான். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் பக்கத்தில் வந்து நிற்கவும் இல்லை. பக்கிரிசாமி கூப்பிடுகிற பேரின் முதல் எழுத்து வாயிலிருந்து வருவதற்குள் அவனுடைய நெஞ்சு எழுந்து உட்காரும். வேறு எழுத்து வரும். படுத்துவிடும்.

ஒருநாள் கேட்டேவிட்டான். "என் பேர ஏன் மாமா விட்டுட்டீங்க?"

பக்கிரிசாமி வெற்றிலையை மென்று துப்பினார். "வயலு அவளோடது. அவ தலையாட்டணும். நான் என் இஷ்டத்துக்குக் கூப்பிட்டு, நீ எறங்கி, அவ கரையேறிப் போயிட்டான்னா ஐயனார் மொகத்துல நான் முழிக்கிறதா வேணாமா?"

அக்காவிடம் கேட்க அவனுக்கு இருந்த ஒரே வழி அத்தான் சிங்காரவேலுதான். அவர் யாரோடும் பகை பாராட்டத் தெரியாத மனுஷர். அக்கா பேசாத நாளிலிருந்து இவனோடு இரண்டு பங்கு பேசி வந்தார்.

"சொல்றதுக்கு எனக்கென்ன மச்சான், சொல்றேன். ஆனா உன் பேர எடுத்தா உங்கக்கா கொழம்புல உப்புப் போட மறந்துடுவா. போன தடவ எடுத்ததுக்கு ஒரு வாரம் மாட்டுத் தீவனம் தின்ன மாதிரி இருந்துச்சு."

"கையெடுத்துக் கும்புடுறேன் அத்தான். ஒரே ஒரு முறை. ஒரு கை வெதை. அது போதும் எனக்கு."

சிங்காரவேலு அவனுடைய முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு வேடிக்கை பேசவில்லை.

மறுநாள் மாட்டுத் தொழுவத்தண்டை வந்து சொன்னார்: "கேட்டேன். அடுப்ப ஊதிக்கிட்டே இருந்தா. அப்புறம், ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுன்னா."

"அப்படியா சொன்னுச்சு?"

"அப்படியேதான் சொன்னா. உப்பும் போட்டா" என்றார் அவர், அது நல்ல சகுனம் என்பதுபோல.

உத்திராபதி பொறுத்தான். இரண்டு நாளும் சாப்பிடவில்லை. அந்த வார்த்தையை நாக்கில் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். இரண்டு நாள் பொறு என்பதை உலகத்தில் அவனளவுக்கு அறிந்தவர் யார்? அவனே செய்து, அவனே கொடுத்த வார்த்தை அல்லவா அது. அதற்குள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குள்ளே ஒன்றும் இருக்காது.

மூன்றாம் நாள் விடியலில் கோயில் வாசலுக்குப் போனான். பக்கிரிசாமி இல்லை. ஒருவருமே இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பெரிய கல்யாணம். காரைவெளி மொத்தமும் வேன் பிடித்துப் போயிருந்தது. முறை கூப்பிடுவதை மறுநாளைக்கு வைத்திருந்தார்கள். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற உத்திராபதிக்கு, அக்கா தனக்குச் சரியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று தோன்றியது. அதில் தப்பும் சொல்ல முடியவில்லை. ஆனால் பொறுக்க முடியவில்லை.

அவன் வீட்டில் குதிரைவாலி தயாராக இருந்தது. பேர் வந்தால் ஓட வேண்டுமே என்று, அத்தான் வந்து சொன்ன அன்றைக்கே ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, வைக்கோலுக்கு அடியில் வைத்து முளைகட்டியிருந்தான். நெல்லை முளைகட்டுகிற மாதிரிதான். வெள்ளை முளை ஊசிமுனையாக எட்டிப் பார்த்தது. ஊர் இல்லாத உச்சிவெயிலில் அதில் பாதியைக் கூடையில் அள்ளிக்கொண்டு போனான். நடுவரப்பில் நின்று, காய்ந்த வாமடையைத் தாண்டி, அக்காவின் தண்ணீரில் இறங்கினான். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அவனை ஒன்றும் செய்யவில்லை. கை நிறைய அள்ளி, வீசி, வீசி, அழுதுகொண்டே தெளித்தான். தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த சிறகிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக அவனை நோக்கி நீந்தி வந்தன. இவ்வளவு பக்கத்தில் அவன் அவற்றைப் பார்த்ததில்லை. ஒன்றின் முதுகில் வெயில் பட்டுப் பச்சையாக மின்னியது. தின்றன. அவன் விதைத்ததை அவனுடைய முட்டிக்குப் பக்கத்தில் நின்று தின்றன. அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் விடியலில் வழக்கம்போலக் கோயிலுக்குப் போனான். கல்யாணச் சோற்று மயக்கத்தோடு ஊர் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றது. பக்கிரிசாமி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, கொஞ்சம் நிறுத்தி, எல்லாரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, கணீரென்று கூப்பிட்டார்:

"இன்னிக்கு முறை உத்திராபதி!"

கோயில் வாசலில் ஒரு சலசலப்பு எழுந்தது. அமிர்தகடேசன் வந்து அவனுடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "ரெண்டு நாள்னு சொன்னா சொன்ன மாதிரி குடுத்துட்டாய்யா உங்கக்கா. நேத்து கல்யாணத்துல வச்சே பக்கிரிசாமிகிட்ட சொல்லிட்டா, நாளைக்கு அவன் பேரக் கூப்புடுங்கன்னு. ஓடு, ஓடு!"

உத்திராபதி ஓடினான். வீட்டுக்கு ஓடி, வைக்கோலை விலக்கி, மிச்சம் இருந்த முளைவிதையைச் சாக்கோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு ஓடினான். பின்னால் ஊர் சிரித்துக்கொண்டு வந்தது. நடுவரப்பில் ஏறி நின்று பார்த்தான். வயல் முழுக்கச் சிறகிகள். எல்லாம் தலையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தன. நல்ல பசி போல என்று நினைத்தான். இன்றைக்குச் சத்தமே இல்லையே, தின்கிற மும்முரம் போல என்று நினைத்தான். ஒன்று தலையைத் தூக்கும் என்று பார்த்தான். ஒன்றாவது தூக்கும் என்று பார்த்தான். காற்றடித்தது. சிறகிகள் எல்லாம் ஒரே பக்கமாக, சருகுபோல நகர்ந்து, வரப்பில் வந்து முட்டின.

ஊர் அவனுக்குப் பின்னால் வந்து நின்றது. சிரிப்பு எங்கோ வழியிலேயே நின்றுபோயிருந்தது. தையல்நாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீரைப் பார்த்தாள், அவனுடைய தோளில் இருந்த சாக்கைப் பார்த்தாள். பதராய் நின்ற கதிருக்குப் பிறகு அவள் முதல்முறையாக அவனோடு பேசினாள்.

"அது எந்தச் சாக்குடா?"

அவன் சாக்கை இறக்கிப் பார்த்தான். போன போகத்தில் பூச்சிக்குப் போடக் குருணை மருந்தையும் மணலையும் கலந்து வைத்த சாக்கு. கழுவிப் படலில் காயப்போட்டிருந்தது. காரைவெளியில் எந்த வீட்டில்தான் சாக்கைத் தூக்கிப் போடுகிறார்கள்? மருந்துச் சாக்கு கழுவினால் விதைச் சாக்கு, விதைச் சாக்கு கிழிந்தால் கால்மிதி.

"கழுவுனேங்க்கா" என்றான். "நல்லாக் கழுவுனேன்."

"எப்பத் தெளிச்ச?"

"நேத்து."

"நேத்து உன் முறை இல்லியேடா."

அவன் வாயைத் திறந்தான். நீ கூப்பிட மாட்டாய் என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். என்னைப்போல நீயும் என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமலே அது அவளுக்குக் கேட்டுவிட்டது என்பதை அவளுடைய முகத்தில் பார்த்தான். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"இன்னிக்கு உன் முறைதானே. வந்து எடு."

இருவரும் எடுத்தார்கள். ஊரில் வேறு யாரும் இறங்கவில்லை, அது அவன் முறை என்பதால். அவன் ஒவ்வொன்றாகத் தூக்கி அக்காவிடம் நீட்டினான். சிறு வயதில் கதிர்க்கட்டைத் தூக்கி நீட்டுவானே, அப்படி. அவள் வாங்கி வரப்பில் வரிசையாக வைத்தாள். நனைந்த சிறகி இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பச்சையாக மின்னின ஒன்றை மட்டும் அவன் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தான். உவர் மண்ணில் குழி வெட்டிப் புதைத்தார்கள். மிச்ச விதையைச் சாக்கோடு அதே குழியில் போட்டு மூடினார்கள்.

மறுநாள் காலையில் தண்ணீர் தையல்நாயகியின் வயலில் இல்லை. உத்திராபதியின் வயலில் இருந்தது.

நடுவரப்பு உடையவில்லை, வாமடைச் சேறு நகரவில்லை. அவனுடைய நட்டு முடித்த சம்பா முழங்கால் தண்ணீருக்கு அடியில் வாரி முடிக்காத தலைமயிராக அலைந்துகொண்டிருந்தது. ஊர் வந்து பார்த்தது. இந்தத் தடவை யாரும் வரப்பை வெட்டச் சொல்லவில்லை, இஞ்சின் கொண்டு வரவில்லை, பொங்கல் வைக்கவில்லை. மாட்டை அந்தப் பக்கம் விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அமிர்தகடேசன் டீயை மட்டும் கொடுத்தார். அந்தப் பழைய வேடிக்கையை அதற்குப் பிறகு அவர் பேசியதே இல்லை. அதுதான் உத்திராபதிக்குத் தாங்கவில்லை.

வேறென்ன செய்வான்? அவனும் விதைத்தான். புதுத் துணி வாங்கி அதில் முளைகட்டினான். தெளிக்கும் முன் தன் வாயில் ஒரு பிடி போட்டு மென்று, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொழுது சாயும்வரை இருந்து பார்த்துவிட்டுத் தெளித்தான். கொட்டியும் அல்லியும் நட்டான். அடுத்த ஐப்பசியில் அந்த வயல், நிறைந்த பந்தி போல இருந்தது. குதிரைவாலி தலை கனத்து மணிகளைத் தண்ணீரில் கொட்டியது. சிறகிகள் வந்தன. மாலை மாலையாகச் சுற்றின. கீழே அவ்வளவு தீனியைப் பார்த்தன. கால்களை நீட்டின, திரும்ப மடக்கிக்கொண்டன. ஒன்றுகூட இறங்கவில்லை. அவன் வரப்பில் உட்கார்ந்து, அவை கடல் பக்கம் சிறிதாகிச் சிறிதாகிப் போவதைப் பார்த்தான். அதற்கு அடுத்த வருஷமும் விதைத்தான். அதற்கு அடுத்த வருஷமும்.

தையல்நாயகி தன்னுடைய காய்ந்த வயலில் மழையை நம்பிப் பயிர் வைத்தாள். அன்றைக்கு வயலில் பேசியதோடு சரி, அதற்குமேல் அவளும் பேசவில்லை, அவனும் பேச முயலவில்லை. மூன்றாம் வருஷத்துத் தையில் மழை முன்னாலேயே முடிந்துபோனது. மேட்டூரை மூடினார்கள், வாய்க்கால் மணலைக் காட்டியது. கதிர் தொண்டையில் நின்றது.

ஒரு காலைப்பொழுது அவள் வரப்பில் வந்து நின்றாள். இடுப்பில் குடம் இருந்தது. முன்பு நின்ற அதே இடம். தலை நரைத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"தம்பி" என்றாள். "ஒரு முறை விடுடா."

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி, வாமடையில் விழுந்து, புல் முளைத்துக் கல்லாகிக் கிடந்த அந்தச் சேற்றைக் கொத்திக் கொத்திப் பெயர்த்தான். வாமடை திறந்தது. தண்ணீர் வரவில்லை. அகலமாக வெட்டினான். இரண்டு ஆள் படுக்கிற அகலத்துக்கு வெட்டினான். வரப்பில் பாதியைச் சாய்த்தான். தண்ணீர், வெட்டின இடத்தில், கண்ணாடிபோல நிமிர்ந்து நின்றது. அவன் மண்வெட்டியால் அதை அடித்தான். கையால் தள்ளினான். "போயேன்! போய்த் தொலையேன், எங்கக்கா கேக்குது!" என்று கத்தினான். அது அவனுடைய முகத்தை மட்டும் அவனுக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வரப்பில் வைத்தாள். வரப்பில் உட்கார்ந்தாள்.

அவன் குடத்தைப் பார்த்தான். பிறகு அதை எடுத்துத் தண்ணீரில் முக்கினான். அது குடுகுடுவென்று நிறைந்தது. துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, குடத்தை ஏற்றிக்கொண்டு, பழக்கமில்லாத கழுத்து நடுங்க, நடந்து போய் அவளுடைய பயிரின் காலடியில் ஊற்றினான். வெடித்த மண் அதைச் சத்தம் போட்டுக் குடித்தது. திரும்பி வந்தான், மொண்டான், நடந்தான், ஊற்றினான். வெயில் ஏறியது. கழுத்து நரம்பு இழுத்தது, கால் வரப்பில் வழுக்கியது. ஒவ்வொரு நடைக்கும் அவனுடைய நிழல் அவனுடைய தண்ணீரில் விழுந்தது. அக்காவின் நிழல் இத்தனை தரம் இந்த இடத்தில் விழுந்திருக்குமா, இன்னும் அதிகமா என்று நினைத்தான். சிங்காரவேலு சோறு கொண்டு வந்து பார்த்துவிட்டு, வரப்பில் வைத்துவிட்டுப் போனார். பொழுது சாய்கிற வேளைக்கு, அவ்வளவு பெரிய வயலில், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் நனைந்து, பயிருக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. உவர் மண்ணுக்கு மேலாகச் சிறகிகள் வந்தன. அவனுடைய வயலைச் சுற்றின. தண்ணீர் முழுக்கத் தீனி, தீனி முழுக்க மாலை வெயில். சுற்றிவிட்டு, எப்போதும்போலக் கடல் பக்கம் திரும்பின. அவற்றில் ஒன்று மட்டும் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, தாழ்ந்து, திறந்து கிடந்த வாமடையைத் தாண்டி, அக்காவின் பயிருக்கு நடுவே, பாயளவு தண்ணீரில், கால்களை நீட்டிக்கொண்டு இறங்கியது. இறங்கித் தலையை உள்ளே விட்டது.

உத்திராபதி நடுவரப்பில் நின்றான். தலையில் நிறைகுடம் இருந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் ஊற்றிவிடலாம். அவன் காலை எடுத்தான்.

தையல்நாயகி திரும்பாமல், சிறகியைப் பார்த்தபடியே, அவனை நோக்கிக் கையை லேசாகத் தூக்கினாள்.

"பொறு" என்றாள்.

குடம் கனத்தது. கழுத்து நடுங்கியது. விளிம்பிலிருந்து ஒரு சொட்டு அவனுடைய கண்ணருகே வழிந்து இறங்கியது. சிறகி இன்னும் தலையைத் தூக்கவில்லை. அவன் பொறுத்தான்.